ஓவர்கிளாக் செய்யும்முன்: எந்தப் பாகம் இடம்கொடுக்கும், எது கொடுக்காது?

கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் புதுக் கணினி பொருத்தச் சொல்லும்போது பலர் கேட்கும் கேள்வி, “இதை ஓவர்கிளாக் பண்ண முடியுமா?” அதாவது, நிறுவனம் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட முடியுமா? ‘இதை’ என்ற அந்தச் சொல்லிலேயே முதல் தவறு இருக்கிறது. கணினி முழுவதற்கும் சேர்த்து ஒரே வேகத் திருகு கிடையாது. பிராசஸருக்கு ஒரு கடிகாரம், ரேமுக்கு ஒன்று, கிராஃபிக்ஸ் கார்டின் சில்லுக்கு ஒன்று, அதன் நினைவகத்துக்கு வேறொன்று. பூட்டும் அப்படியே தனித்தனி. எந்தப் பூட்டு திறந்திருக்கிறது, திறந்திருந்தாலும் மதர்போர்டு (இனி ‘போர்டு’) விடுமா, விட்டால் கூடுகிற வெப்பம் எங்கே போகும்? இந்த மூன்றுக்கும் பணம் கட்டும் முன்பே விடை தெரிய வேண்டும்.

பிராசஸரைப் பார்த்துவிட்டுப் போர்டைப் பார்க்காமல் விடுவது

இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸரின் பெயர் ‘கே’ என்று முடிந்தால் பெருக்கி (அடிப்படைக் கடிகாரத்தை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) திறந்திருக்கும். ‘கேஎஃப்’ என்றாலும் திறந்ததுதான். உள்ளே கிராஃபிக்ஸ் மட்டும் இருக்காது. வெறும் ‘எஃப்’ என்பதை வேகத்தோடு முடிச்சுப்போட்டுக்கொள்ள வேண்டாம். 12400எஃப், 13400எஃப், 14400எஃப் எல்லாம் பூட்டியவை. நல்ல சில்லுகள்தான், ஆனால் பெட்டியில் வந்த வேகத்தோடு சரி.

‘கே’ வாங்கியதும் வேலை முடிந்துவிடாது. பெருக்கியை நகர்த்த இசட் வரிசை போர்டு வேண்டும்: 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு இசட்690 அல்லது இசட்790, கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு இசட்890. பி760 போர்டில் 14600கே நன்றாகவே ஓடும். பெருக்கி மட்டும் அசையாது. இங்கே ஒரு நியாயமும் இருக்கிறது. 14600கே-யில் 14 கோர்கள், 14400-இல் 10 கோர்கள். கூடுதல் கோர்களுக்காக ‘கே’ வாங்கி பி760-இல் போட்டால் அது தவறே இல்லை. பின்னால் ஓவர்கிளாக் செய்துகொள்ளலாம் என்று நம்பி அப்படி வாங்கினால்தான் ரிங்கிட் வீண்.

ஏஎம்டியில் கதை தலைகீழ். ரைசன் டெஸ்க்டாப் சில்லுகள் பெரும்பாலும் திறந்தே வருகின்றன. பூட்டு போர்டில் இருக்கிறது. ஏ320, ஏ520, ஏ620 போர்டுகளில் பிராசஸரின் வேகத்தை ஏற்ற முடியாது. பி650, எக்ஸ்670 போன்றவற்றில் முடியும். பி840 என்ற சிப்செட்டின் (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) பெயரில் ‘பி’ இருந்தாலும் அதிலும் முடியாது, ஏமாந்துவிடாதீர்கள். சில்லிலேயே பூட்டு வந்தவை 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி போன்றவை. கோர்களின் தலைமேல் அடுக்கிய கேஷ் நினைவகம் அதிக வோல்டேஜையும் வெப்பத்தையும் தாங்காது என்பதால் பெருக்கியை அடைத்துவிட்டார்கள். 9800எக்ஸ்3டி-யில் அந்தக் கேஷைக் கோர்களுக்கு அடியில் கொண்டுபோனதால் பூட்டையும் எடுத்துவிட்டார்கள்.

‘மலேசியா’ என்று மூடியில் அச்சிட்ட இன்டெல் சில்லு நன்றாக ஏறும் என்ற நம்பிக்கையும் நம்மிடையே உண்டு. பினாங்கு பாயான் லெப்பாஸில் இன்டெல் 1972இலிருந்து இயங்குவது பெருமைக்குரியதுதான். ஆனால் அங்கே நடப்பது சில்லைப் பொதிவதும் சோதிப்பதும். எவ்வளவு ஏறும் என்பதைத் தீர்மானிக்கும் சிலிக்கன் தகடு வேறு நாட்டு ஆலையில் உருவாகிறது. அந்த முத்திரைக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

லேப்டாப்பைப் பொறுத்தவரை, ‘எச்எக்ஸ்’ வகையில் சில மாடல்களைத் தவிர மற்றவற்றில் எதிர்பார்க்க வேண்டாம். பிராசஸர் பூட்டியிருக்கும், பயாஸில் (போர்டில் பதிந்த தொடக்க நிரல்) அமைப்பே இருக்காது, கூலரும் இருக்கிற வெப்பத்துக்கே மூச்சுத் திணறும். அங்கே வோல்டேஜைக் குறைப்பதில்தான் பலன், அதையும் எல்லா மாடலும் விடுவதில்லை.

ரேமை வாங்கி, அதன் வேகத்தை எழுப்பாமலே வைத்திருப்பது

இது மிகப் பரவலான தவறு. 6000 என்று அச்சிட்ட டிடிஆர்5 ரேமைப் பொருத்தியதும் அது பெரும்பாலும் 4800-இல்தான் தொடங்கும். பயாஸுக்குள் போய் இன்டெல் போர்டில் எக்ஸ்எம்பி, ஏஎம்டி போர்டில் எக்ஸ்போ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் 6000 கிடைக்கும். டாஸ்க் மேனேஜரில் ‘மெமரி’ பக்கத்தைத் திறந்து இப்போதே பாருங்கள். பெட்டியில் அச்சிட்ட வேகமும் ஓவர்கிளாக் கணக்கில்தான் சேரும். எனவே உங்கள் பிராசஸர் அதை ஏற்றே தீரும் என்ற உத்தரவாதம் இல்லை.

பி560 முதல் பி660, பி760 வரை இன்டெல்லின் பி போர்டுகள் ரேமின் வேகத்தை ஏற்ற விடுகின்றன. எச்610 விடாது; அதில் விலை கூடிய ரேம் போட்டுப் பயனில்லை. இன்னொரு நுணுக்கம்: பூட்டிய 12ஆம் தலைமுறை சில்லுகளில் நினைவகக் கட்டுப்பாட்டுக்கான வோல்டேஜும் பூட்டியிருக்கிறது. அதனால் 12400எஃப்-உடன் டிடிஆர்4 3600 ரேமை முதல் கியரில் (கட்டுப்பாடும் ரேமும் ஒரே வேகத்தில்) ஓட்டும்போது தடுமாறலாம். 3200 நம்பகமானது.

பிறகு நாலு குச்சி ஆசை. இரண்டு 16 ஜிபி குச்சிகளில் ஓடிய 6000 வேகம், மேலும் இரண்டைச் செருகியதும் ஓடாமல் போகும். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் அளவே இரண்டு குச்சிகளுக்கு 5200, நான்குக்கு 3600. 64 ஜிபி வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே இரண்டு 32 ஜிபி வாங்கி, பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துளைகளில் போடுங்கள்.

ரேம் பிழை சத்தமில்லாமல் கெடுக்கும். நீலத்திரை வந்தால் அது அதிர்ஷ்டம், உடனே தெரிந்துவிடும். வராமல், திருமணப் படங்களை வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்கும்போது ஒரு பிட் புரண்டால் அந்தப் படம் கெட்டது கெட்டதுதான். அதனால் எக்ஸ்எம்பி போட்டாலும் மெம்டெஸ்ட்86 நிரலைப் பென்டிரைவிலிருந்து நான்கு சுற்று ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் வேகத்தை ஒரு படி இறக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். “ஒன்றுதானே” என்று விடக்கூடாது.

கிராஃபிக்ஸ் கார்டில் எண்ணை ஏற்றிவிட்டு, பலனை அளக்காமல் விடுவது

தொடக்கக்காரர்களுக்கு ஏற்ற இடம் கிராஃபிக்ஸ் கார்டுதான். விண்டோஸிலேயே மாற்றலாம், தவறினால் கணினியை அணைத்துப் போட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கோர் கடிகாரத்தை 15 முதல் 25 மெகாஹெர்ட்ஸ் வரை கூட்டி, 20 நிமிடம் கனமான விளையாட்டை ஓட்டிப் பார்த்து, அடுத்த படி ஏறுங்கள். சில்லையும் நினைவகத்தையும் ஒரே நேரத்தில் ஏற்றினால் தடுமாறும்போது எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது.

நினைவகத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3080, 4080 போன்றவற்றில் உள்ள ஜிடிடிஆர்6எக்ஸ், தவறாகப் போன தரவைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பும். ஆகவே எல்லை தாண்டினாலும் திரையில் புள்ளியோ கோடோ தெரியாது. எண் கூடிக்கொண்டே போகும். பிரேம் எண்ணிக்கை குறையும். ஒவ்வொரு 100 மெகாஹெர்ட்ஸுக்கும் ஒரே சோதனையை ஓட்டி மதிப்பெண்ணை எழுதி வையுங்கள். மதிப்பெண் சரியத் தொடங்கிய இடத்துக்கு இரண்டு படி கீழே நில்லுங்கள்.

மின் வரம்பைக் கூட்டும் முன் இணைப்பானையும் பார்க்க வேண்டும். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090-இன் புதிய வகைப் பிளக் உருகிய செய்திகள் வந்தன. பிளக் முழுவதும் உள்ளே அமர்ந்திருக்க வேண்டும், வெளியே வந்ததுமே கம்பியை மடக்கக்கூடாது.

அடிப்படைக் கடிகாரத்தைத் தொடுவது

பெருக்கி பூட்டியிருக்கிறதா, அடிப்படைக் கடிகாரத்தை ஏற்றலாமே என்று பழைய வழியை நாடுவோர் உண்டு. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ-யின் பஸ்ஸை (அன்றைய அடிப்படைக் கடிகாரத்தை) 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக்கினால் சில்லு 450இல் ஓடியது. 100இல் போர்டு பிசிஐ (மற்றப் பாகங்கள் இணையும் வழி) கடிகாரத்தை மூன்றால் வகுத்து 33இல் வைத்துக்கொண்டதால் மற்றப் பாகங்களுக்குத் தொந்தரவில்லை. அதே சில்லை 83இல் ஓட்டியபோது பிசிஐ 41.5க்குப் போய், ஹார்ட் டிஸ்க்கில் தரவு சிதைந்தது.

இன்றும் பல போர்டுகளில் 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தோடு பிசிஐ எக்ஸ்பிரஸும் கட்டுண்டிருக்கிறது. இரண்டு, மூன்று மெகாஹெர்ட்ஸ் ஏற்றினாலே எஸ்எஸ்டி காணாமல் போகலாம். தனிக் கடிகார உருவாக்கி உள்ள விலை கூடிய போர்டு இல்லையென்றால் 100-ஐ 100ஆகவே விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டு எண்களைக் கோலாலம்பூர் வெயிலில் போடுவது

நம் ஊர்க்காரர்கள் அதிகம் அடிபடும் இடம் இது. யூடியூபில் சோதிப்பவரின் அறை 20, 21 டிகிரி. செந்தூலில் ஏர்கோன் இல்லாத அறை பிற்பகலில் 31, 32 டிகிரி. அறை 10 டிகிரி ஏறினால் சில்லும் ஏறக்குறைய அதே 10 டிகிரி ஏறும். அங்கே 85இல் நின்ற ரைசன் 7000 இங்கே 95-ஐத் தொட்டு, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஓவர்கிளாக் செய்த பிறகு முன்னைவிட மெதுவாகிவிட்டது என்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம். இன்டெல் 13, 14ஆம் தலைமுறைகளின் எல்லை 100 டிகிரி, 7800எக்ஸ்3டி-க்கு 89.

ஆகவே சோதனையை இரவில் ஏர்கோன் போட்டுக்கொண்டு செய்யாதீர்கள். பிற்பகல் மூன்று மணிக்கு, கேசிங் மூடியிருக்கும்போது, நீங்கள் வழக்கமாக உட்காரும் நிலையில் செய்யுங்கள். சினிபெஞ்ச் சோதனை நிரல் 30 நிமிடம் ஓடும்போது எச்டபிள்யூஇன்ஃபோ நிரலில் வெப்பத்தைப் பாருங்கள்; எல்லைக்கு 10 டிகிரி கீழே நிற்க வேண்டும். பிறகு விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘வியா’ (WHEA) எனப்படும் வன்பொருள் பிழைகளைத் தேடுங்கள். எண் 19 வந்திருந்தால், நிலையாக ஓடுவதுபோல் தெரிந்தாலும் சில்லு பிழையைத் திருத்திக்கொண்டே ஓடுகிறது என்று அர்த்தம்.

அறை வெப்பத்துக்குக் கீழே குளிர வைக்கும் முறைகள் நம் ஈரக்காற்றுக்கு ஒத்துவராது. இங்கே பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) சுமார் 24 டிகிரி. அதற்குக் கீழே போகிற எந்த உலோகமும் வியர்க்கும், அந்த நீர் போர்டில்தான் சொட்டும்.

வோல்டேஜை ‘ஆட்டோ’வில் விட்டுவிட்டுப் பெருக்கியை ஏற்றுவதும் ஆபத்து. தேவைக்கு மேல் கொடுப்பதே பல போர்டுகளின் பழக்கம். ரைசன் 7000 எக்ஸ்3டி சில்லுகள் 2023இல் கருகியதற்கு எஸ்ஓசி வோல்டேஜ் (நினைவகக் கட்டுப்பாடு போன்ற பகுதிகளுக்கானது) மிகுந்ததே முக்கியக் காரணம். அதன்பின் ஏஎம்டி 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்தது. அதிக வோல்டேஜால் சில்லு தேயும் சிக்கல் கண்ட இன்டெல் 13, 14ஆம் தலைமுறை வைத்திருப்பவர்கள் எதையும் தொடும் முன் 2024 செப்டம்பரில் வந்த 0எக்ஸ்12பி மைக்ரோகோடு (சில்லின் உள்நிரல்) அல்லது அதற்குப் பிந்தையது உள்ள பயாஸைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தேய்ந்த சில்லை அது மீட்காது.

வேகத் திருகே இல்லாத பாகங்கள்

எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க், வைஃபை கார்டு, சிப்செட் ஆகியவற்றில் பயனர் ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை. இணையத்தை ஓவர்கிளாக் செய்வதாகச் சொல்லும் நிரல்களை நிறுவவே வேண்டாம். காற்றாடி 12 வோல்ட்டில் எவ்வளவு சுற்றுமோ அவ்வளவுதான். பவர் சப்ளையும் அப்படியே: 550 வாட் என்றால் 550 வாட். மலிவான சிலவற்றின் பின்னால் 115, 230 என்று சிவப்பு விசை இருக்கும். அது வேகத்துக்கானது இல்லை. நம் மின்சாரம் 230 வோல்ட். 115இல் தள்ளி சுவிட்சைப் போட்டால் வெடிக்கும்.

ஆனால் மானிட்டரின் வேகத்தை (வினாடிக்கு எத்தனை முறை படம் மாறும் என்பதை) ஏற்றலாம் என்பது பலருக்குத் தெரியாது. 60 ஹெர்ட்ஸ் திரைகள் சில 75 வரை போகும். படம் வந்துவிட்டது என்று திருப்திப்படாமல், பிரேமைத் தாவுகிறதா என்று சோதனைப் பக்கத்தை நீண்ட எக்ஸ்போஷரில் படமெடுத்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் 75 கிடைத்தும் பயனில்லை.

திரும்பி வர வழி வைக்காமல் தொடங்குவது

கணினி கிளம்பவே இல்லையென்றால் பயாஸ் அமைப்புகளை அழிக்க வேண்டும்: பவர் சப்ளையை அணைத்து, கம்பியைக் கழற்றி, ‘க்ளியர் சிமாஸ்’ என்று குறித்த இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் பத்து வினாடி தொட்டுப் பிடியுங்கள். ஊசி அகப்படவில்லை என்றால் வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்து வையுங்கள். அந்த இடம் எங்கே என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. பெரிய கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் மறைந்திருக்கும் போர்டுகள் உண்டு.

பயாஸ் புதுப்பித்தால் சேமித்த அமைப்புகள் அழிந்துவிடும், எனவே அவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும் வேலையைக் காலையில் செய்யுங்கள். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடி அடிக்கடி மின்சாரத்தைத் துண்டிக்கும். எழுதிக்கொண்டிருக்கும் பாதியில் அப்படி நின்றால், பிராசஸர் இல்லாமலே பயாஸ் ஏற்றும் பொத்தான் உள்ள போர்டுதான் பெரும்பாலும் வீட்டிலேயே பிழைக்கும்.