குரங்கு எச்சத்தில் எதிர்ப்பு சக்தி மரபணு: மாதிரி எடுப்பது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் ஆராய்ச்சி மாணவர்களைச் சோலைக்குள் கூட்டிக்கொண்டு போகிறவன் நான். எல்லோரும் ஆய்வகத்தைப் பற்றியே கேட்கிறார்கள். பாதி வேலை கெடுவது மரத்தடியில்தான்.

முதலில் அனுமதி. கருமந்தி, அதாவது நீலகிரி லங்கூர், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. லேகியத்துக்காகவே ஒரு காலத்தில் வேட்டையாடித் தீர்த்தார்கள். ‘எச்சம்தானே’ என்று காப்புக்காட்டுக்குள் நுழையாதீர்கள். வனத்துறையின் கடிதம் இல்லாமல் நான் கூட வர மாட்டேன்.

நாம் தேடுவது எம்எச்சி மரபணுக்களை. கிருமியின் துண்டுகளைச் செல்லின் மேற்பரப்பில் காட்டிக்கொடுக்கும் புரதங்கள் இவற்றிலிருந்துதான் உருவாகின்றன. அதைப் பார்த்துத்தான் உடலின் காவல்காரர்களான டி செல்கள் பாயும். ஒவ்வொரு வடிவமும் சில துண்டுகளை மட்டுமே பிடிக்கும் என்பதால், கூட்டத்தில் பல வடிவங்கள் இருந்தால் புதுக் காய்ச்சல் வந்தாலும் சிலவாவது தப்பிக்க வாய்ப்புண்டு. 1957இல் கர்நாடகத்தில் கண்டறிந்த குரங்குக் காய்ச்சல் குரங்குகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்றதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். மொரீஷியஸ் தீவில் சில குரங்குகளிலிருந்து பெருகிய நீளவால் குரங்குகளிடம் பெரும்பாலும் ஏழு எம்எச்சி தொகுப்புகள்தான் உள்ளன. தேயிலைக்கு நடுவே துண்டுபட்டுக் கிடக்கும் சோலைகளில் நம் கருமந்திக்கும் அந்தக் கதியா என்பதுதான் கேள்வி.

சரி, எடுப்பது எப்படி? விடியற்காலையில் கூட்டம் படுத்த மரத்துக்குத் தள்ளி நில்லுங்கள். எந்தக் குரங்கு போட்டது என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எடுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து கிடப்பதைத் தொடவே வேண்டாம். மழையில் ஊறியதும் உதவாது. ஈரமாக மின்னும் மேல்தோலைச் சுத்தமான குச்சியால் லேசாகச் சுரண்டுங்கள்; குடலின் செல்கள் ஒட்டியிருப்பது அங்கேதான். உள்ளே இருப்பது இலைச் சக்கை, அதிலுள்ள சத்துகள் பிசிஆரையே, அதாவது டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் வேலையையே, முடக்கிவிடும். பட்டாணி அளவு போதும். அதைப் போல் நான்கு மடங்கு சுத்த ஆல்கஹால் ஊற்றுங்கள். குழாய்க்குள் போடும் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்து ஓடிவிடும்.

கையுறையை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள், முகக்கவசம் கட்டாயம். அது உங்களுக்காக மட்டும் இல்லை. குரங்கின் எம்எச்சியைப் பிடிக்கும் பிரைமர் (பிசிஆரில் வேண்டிய இடத்தில் போய் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) மனிதனுடையதையும் பிடித்துவிடும். நீங்கள் தும்மினால் உங்கள் மரபணு கருமந்தியின் கணக்கில் ஏறும். வெளி டிஎன்ஏ கலந்திருக்கிறதா என்று பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் ஆல்கஹால் உள்ள ஒரு குழாயையும் அங்கேயே திறந்து மூடி எடுத்து வாருங்கள். அப்புறம், உண்ணிக் கடிக்கு பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகுங்கள்.

பர்லியாறு வளைவில் காத்திருக்கும் நாட்டுக்குரங்கு சுலபம்தான், ஆனால் பிஸ்கட் காட்டி வரவழைக்காதீர்கள். அவற்றில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்குவதால் எல்லாம் சொந்தக்காரர்கள். ஒரே கூட்டத்தில் குவிக்காமல் பல கூட்டங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

ஆய்வகத்தில் எம்எச்சி வகையான டிஆர்பி மரபணுவின் இரண்டாம் எக்ஸானை (மரபணுவின் ஒரு பகுதி) படித்துத் தரக் கேளுங்கள். சுமார் 270 டிஎன்ஏ எழுத்துகள்தான், எச்சத்தில் சிதைந்த டிஎன்ஏவுக்கு அது தோது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்ற கணக்கை மீறி ஒரே குரங்கில் இரண்டுக்கு மேல் வடிவங்கள் வந்தால் பதறாதீர்கள், அந்த மரபணுவுக்குப் பல நகல்கள் உண்டு. தனித்தனியாகச் செய்த இரண்டு பிசிஆரிலும் வந்ததை மட்டும் நம்புங்கள்.

மாதிரி எடுத்த மறுநாள் ஆல்கஹாலை வடித்துவிட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போட்டால் சாதாரண அலமாரியே போதும். வீட்டு ஃப்ரிட்ஜில் மீனுக்குப் பக்கத்தில் வைத்து அம்மாவிடம் திட்டு வாங்காதீர்கள்.