வீட்டுக்கல்விக் குடும்பங்கள் ஊர் சுற்றும்போதும் வீட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் பலர், அந்த முடிவுக்குக் காரணமாக முதலில் சொல்வது சுதந்திரத்தைத்தான். நினைத்த நாளில் ஊர் போகலாம், பிடித்ததைப் படிக்கலாம், குடும்பமாக உட்கார்ந்து விளையாடலாம் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. ஆனால் இரண்டொரு ஆண்டுகளில் அந்தச் சுதந்திரம் தலைகீழாகிவிடுவதைப் பல குடும்பங்களில் காண்கிறோம். பிள்ளையின் வியப்பிலும் விளையாட்டிலும் பெற்றோர் கறாராகத் தலையிடுகிறார்கள்; நாள், நேரம், சான்றிதழ், தேர்வுக்கான வயது ஆகியவற்றையோ ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். கறாராக இருக்க வேண்டியது இந்த இரண்டாவது வரிசையில்தான். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடமாற்றத்திலிருந்து வருபவை.

பயணத்தில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு, ஒரு நாளில் அடங்காததை அடக்கப் பார்ப்பது. கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவகிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் காட்டிவிடும் வேன் பயணங்கள் இருக்கின்றன. வேண்டுதலுக்காகப் போகும் பெரியவர்களுக்கு அது பொருந்தலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த நாளில் மிஞ்சுவது செருப்பைக் கழற்றியதும், வரிசையில் நின்றதும், மறுபடி வேனில் ஏறியதும் மட்டுமே. தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய மூன்றையும் காலையில் கிளம்பி இரவுக்குள் பார்த்துவிடுவோம் என்று திட்டமிடுவதும் ஏறக்குறைய இதே கதைதான். பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்படாத குடும்பத்துக்கு இப்படி ஓட வேண்டிய தேவையே இல்லை. தஞ்சாவூரில் இரண்டு இரவு தங்கி, ஒரே கோயிலுக்குக் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் போவது எவ்வளவோ மேல்.

காலை, மாலை என்று சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. பெரும்பாலான கோயில்களில் நண்பகல் வாக்கில் நடை சாத்திவிட்டு மாலை 4 மணிக்கு மேல்தான் திறப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெரிய கோயிலின் திறந்த கல்தளம் நண்பகலில் வெறுங்காலுக்கு எப்படிச் சுடும் என்பதை, அங்கே போய்ச் சேர்ந்து, பிள்ளை ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றிக் குதித்தபடி நிழலைத் தேடி ஓடும்போதுதான் பலர் அறிகிறார்கள். அந்த நேரத்தில் ராஜராஜனைப் பற்றி என்ன சொன்னாலும் அது காதில் ஏறாது.

இனிச் சொல்லப்போவதை நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகக் கருதுகிறேன். ‘பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது’ என்று பெற்றோரே பிள்ளையிடம் சொல்லிக்கொடுப்பதுதான் அது. நிழல் விழுகிறது. காலையிலும் மாலையிலும் நீளமாகவே விழுகிறது. ஆண்டின் பல மாதங்களில், சூரியன் உச்சிக்கு அருகில் வரும் நண்பகலில், மேலே போகப்போகக் குறுகும் கட்டடத்தின் நிழல் அதன் அகன்ற அடிப்பகுதிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது; டிசம்பர் நண்பகலிலோ வடக்குப் பக்கத்துத் தரையில் தெளிவாகத் தெரியும். பிள்ளையை ஓரிடத்தில் நிறுத்தி, நிழலின் நுனி எந்தக் கல்லின் மேல் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லி, அரைமணி நேரம் கழித்து மறுபடி அங்கே அழைத்துப் போனால் போதும். நுனி நகர்ந்திருப்பதை அதுவே கண்டுகொள்ளும். சூரியன், கோணம், பருவம் எல்லாம் அந்த ஒரு கல்லிலிருந்து கிளம்பும் கேள்விகளில் வந்துவிடும். பிள்ளை தன் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைப் பொய்யாகச் சொல்லிக்கொடுப்பது, பள்ளியைவிட்டு வெளியே வந்ததன் நோக்கத்தையே கெடுத்துவிடும். உச்சிக்கல் 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் இத்தகையதே; அது பல துண்டுகளை இணைத்துச் செய்தது என்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். வாயிலை ஒட்டியுள்ள பெரிய நந்தி ராஜராஜன் காலத்தது அல்ல, நாயக்கர் காலத்தது. நந்தி வளர்ந்துகொண்டே போனதால் அதன் முதுகில் ஆணி அடித்தார்கள் என்ற கதையைத் தாராளமாகச் சொல்லலாம். அது கதை என்று சொல்லியே சொல்ல வேண்டும்.

மெய்யான செய்திகளுக்கு அங்கே குறைவே இல்லை. 1010இல் குடமுழுக்கு கண்ட அந்தக் கோயிலுக்குத் தான் கொடுத்ததையும், தன் அக்கா குந்தவை கொடுத்ததையும், தன் தேவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்ன அரசனின் ஆணை அதன் அடித்தளத்தில் இருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ட, ப போன்ற சில எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு நெருக்கமாக அந்த வரிகளில் தட்டுப்படும். கண்டுபிடித்ததும் அது கத்தும், கத்தட்டும். எழுத்தின் மேல் விரலை ஓட்டவோ சுண்ணக்கட்டியைத் தேய்க்கவோ மட்டும் விடக்கூடாது. மாமல்லபுரத்தின் ஐந்து ரதங்களிலும் இப்படித்தான். பெயர் பாண்டவருடையதாக இருந்தாலும் அவர்களுக்கும் அந்த ஒற்றைக்கல் கோயில்களுக்கும் தொடர்பில்லை என்பதைவிட, அவற்றை மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள் என்பதும், தர்மராஜ ரதத்தின் கீழ்ப்பகுதி முற்றுப்பெறாமல் நிற்பதே அதற்குச் சாட்சி என்பதும் ஒரு பிள்ளையை நெடுநேரம் அங்கே நிறுத்திவைக்கும்.

நாள் தேர்வில் செய்யும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வேடந்தாங்கலில் பறவைகளைப் பார்க்க நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். மே மாதத்தில் போனால் ஏமாற்றமே மிஞ்சும். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போவதற்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போக விரும்புவோர் வெகு முன்கூட்டியே பதிவு செய்துவிட வேண்டும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் வரும் பற்களுள்ள இரும்புச் சட்டத்தைப் பார்த்த பிள்ளை, ரயில் மலையேறுவது எப்படி என்று வேறு யாரிடமும் கேட்க வேண்டியிராது.

திரும்பி வந்ததும் கட்டுரை எழுதச் சொல்வதை விட்டுவிடுங்கள். ‘நான் கண்ட தஞ்சை’ என்று இரண்டு பக்கம் எழுத வேண்டியிருக்கும் என்று தெரிந்த பிள்ளை, அடுத்த முறை ஊருக்குப் போகும்போதே சோர்ந்துவிடும். பேருந்துச் சீட்டு, நுழைவுச் சீட்டு, வழியில் வரைந்த ஒரு கோபுரம், அதன் கீழே தேதி, அதுவே சொன்ன ஒரு வரி என்று ஒரு நோட்டில் ஒட்டி வைத்தால் போதும். அந்தத் தேதியை மட்டும் பெற்றோர் தவறாமல் எழுதிவிட வேண்டும். பிற்காலத்தில் ஒரு பள்ளியிலோ படிப்பிலோ ‘இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்’ என்று கேட்டால் எடுத்துக்காட்ட அந்த நோட்டுதான் கையில் இருக்கும்.

வீட்டு விளையாட்டுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். பல்லாங்குழியில் பிள்ளை சோழிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகிறது. ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் ‘பசு’ என்று கூவி அள்ளுகிறது. அந்த இடத்தில் ‘இதுவரை எத்தனை எடுத்தாய், என்னிடம் எத்தனை மீதி, கூட்டிச் சொல்’ என்று அப்பா கேட்டால், விளையாட்டு அங்கேயே நின்றுவிடும். கணக்கு அந்தக் குழிகளில் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று மனத்துக்குள் எண்ணாமல் எந்தப் பிள்ளையும் பாட்டியை வென்றதில்லை. தாயமும் ஆடு புலி ஆட்டமும் அப்படியே. மே மாதத்தில் சித்தி, அத்தை வீட்டுப் பிள்ளைகள் வந்திறங்கும்போது பாட அட்டவணையை மூட்டை கட்டி வைக்கவும் மனம் வர வேண்டும். அந்த வாரங்களில் ஒத்த வயதுப் பிள்ளைகளோடு சண்டை போட்டுச் சமாதானமாவதை எந்த ஒர்க்‌ஷீட்டும் கற்பிக்காது.

பல வீடுகளில் கற்பிப்பது முழுக்க அம்மாவின் தலையில் விழுகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர் வேலையை விட்டிருப்பார். அப்பா ‘நீ பார்த்துக்கொள்’ என்று சொல்லிவிட்டு, பயணத்தன்று மட்டும் காரை எடுப்பார். வாரத்தில் சில மணி நேரமாவது பிள்ளையின் படிப்பு முழுப் பொறுப்பாக அப்பாவிடம் இருக்க வேண்டும். அம்மாவுக்கு அந்நேரம் ஓய்வாக இருக்க வேண்டும். இது நடக்காத வீட்டில் அம்மா களைத்துப்போவதற்கு நெடுநாள் ஆகாது.

வளர்ச்சிப் படிகளை அளப்பதில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் உள்ளன. ஒன்று, ‘எத்தனாவது படிக்கிறாய்?’ என்று திருமண வீட்டில் மாமா கேட்டதும் கலங்கிப்போய், மறுநாளே பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பாடப்புத்தகத்தை வாங்கி வந்து திணிப்பது. அந்தக் கேள்விக்கு ‘வீட்டில் படிக்கிறேன் மாமா, இப்போது சோழர்களைப் பற்றிப் படிக்கிறேன்’ என்று சொல்லப் பிள்ளையை முன்னதாகவே பழக்கிவிட்டால் அதன் கூச்சமும் போகும், உங்கள் கலக்கமும் போகும். தனியாகக் கடைக்குப் போய்ச் சில்லறை சரிபார்த்து வாங்கி வந்ததும், நடத்துநரிடம் தானே சீட்டுக் கேட்டதும் படிகள்தாம். அவற்றை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாவிட்டாலும் வீட்டில் சொல்லி மகிழலாம்.

மற்றது இதைவிட ஆபத்தானது. ‘அவன் வேகத்தில் கற்றுக்கொள்வான்’ என்ற நம்பிக்கையில், எட்டு, ஒன்பது வயதாகியும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளையை ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவது. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். பிறகு கற்றல் குறைபாடு உண்டா என்று உரிய நிபுணரிடம் காட்ட வேண்டும். பள்ளியில் இருந்தால் ஓர் ஆசிரியராவது இதைக் கவனித்துச் சொல்ல வாய்ப்பு உண்டு. வீட்டில் அந்தக் கண்ணும் பெற்றோருடையதே. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குக் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் தேவைப்படும் என்பதால் தாமதம் பின்னாளிலும் உறுத்தும்.

கடைசியாக, காகித வேலை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10ஆம் பிரிவில் சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அது தண்டனை விதிக்கவில்லை. வீட்டுக்கல்வி பற்றித் தனியாக எதுவும் பேசவும் இல்லை. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, பள்ளியில் சேராத பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ள வழி செய்கிறது. ஆகவே, ‘எனக்குப் பள்ளிக்குப் போக வேண்டும்’ என்று பிள்ளை கேட்டால், இனிக் கதவு அடைத்துவிட்டது என்று சொல்லி அதன் வாயை அடைப்பது சரியல்ல.

பள்ளி வேண்டாம் என்றால், பத்தாம் வகுப்புக்குப் பலர் போகும் வழி என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. அதன் பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வுகள் நடக்கின்றன. ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டு காலம் செல்லும். ஐந்து பாடங்களையும் ஒரே தேர்வில் எழுதியாக வேண்டும் என்று நெருக்குவது அங்கே தேவையற்றது. இரண்டிரண்டாக எழுதலாம். அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு என்பதை மறந்துவிட்டுக் கடைசி மாதத்தில் ஆய்வகம் தேடுவதும், பின்னால் சேர விரும்பும் படிப்புக்கு எந்தப் பாடங்கள் கட்டாயம் என்று பாராமல் எளிதானவற்றைத் தேர்ந்தெடுப்பதும் அடிக்கடி நேர்கின்றன. பெயர்ச் சிக்கல் இன்னொன்று. பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் என்று மூன்றும் மூன்று விதமாக இருந்தால், மதிப்பெண் சான்றிதழில் நான்காவதாக ஒன்று வந்து சேரும். பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது ஆகும்போதே எல்லாவற்றிலும் பெயரையும் பிறந்த தேதியையும் ஒரே மாதிரி திருத்தி வாங்கிவிட்டு, அதன் பிறகு பதிவுக்குப் போங்கள்.