நாயைத் தத்தெடுக்கும் முன் ஏழு நாள் ஒத்திகை

தெருவிலிருந்து மீட்கப்பட்ட நாயைத் தத்தெடுக்கலாமா என்று கேட்பவர்களிடம், காலை ஐந்தரை மணிக்கு உங்கள் வீட்டில் யார் விழித்திருப்பார்கள் என்றுதான் நான் முதலில் கேட்பது வழக்கம். வீட்டின் அளவும் கையிலுள்ள பணமும் அதற்குப் பிறகுதான். நாயின் ஆயுள் பொதுவாகப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள். இரண்டு வயது நாய் ஒன்றை இன்று அழைத்து வந்தால், இப்போது பத்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் அது உங்கள் வாசலில் படுத்திருக்கும். அத்தனை ஆண்டுகளும் உங்கள் அன்றாடத்தில் அதற்கு இடம் இருக்குமா என்பதை நினைத்துப் பார்த்து முடிவு செய்ய முடியாது. செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே, நாய் வருவதற்கு முன்பே அது இருப்பதாக வைத்துக்கொண்டு ஒரு வாரம் வாழ்ந்து பாருங்கள். காலை ஐந்தரைக்கு எழுந்து அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு இன்னொரு அரை மணி நேரம் நடங்கள். இரவு படுக்குமுன் ஒருமுறை வாசல்வரை போய் வாருங்கள். எங்கள் ஊரான சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அப்போது காலை எட்டு மணிக்கு மேல் தார்ச்சாலையில் நாயை நடத்துவது அதன் பாதத்தைச் சுடுவதாகும். புறங்கையைச் சாலையில் வைத்து ஐந்து விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயாலும் தாங்க முடியாது. நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் மூச்சிரைத்தே அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். எனவே "எழுந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்கிற வீட்டுக்கு இந்த ஊரின் கோடை இடம் தராது. ஏழு நாளில் மூன்று நாள் தவறியிருந்தால், அந்தக் கணக்கை மறைக்காமல் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

அந்த வாரத்திலேயே வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். எல்லோரும் கூடியிருக்கும்போது கேட்டால் பிள்ளைகளின் ஆசைதான் சபையை நிறைக்கும். பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் அம்மாவோ பாட்டியோ தங்கள் தயக்கத்தை விழுங்கிவிடுவார்கள். சிறுநீரைத் துடைப்பது, சோறு வைப்பது, மணியோசைக்குக் குரைத்தால் அடக்குவது என நாயின் வேலையில் பெரும்பகுதி அவர்கள் தலையில்தான் விழும் என்பதால், அவர்களுடைய சம்மதம்தான் உண்மையான சம்மதம். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம் வளர்ப்பு நாயையே கூடாது என்று தடை செய்ய முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் வீட்டுக்காரரோடு பின்னாளில் வரும் மனத்தாங்கலை அந்த வழிகாட்டுதல் தீர்த்து வைக்காது.

ஏற்காட்டில் குடியிருப்பவர்கள் இன்னும் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும். குளிர்ந்த காற்று நாய்க்கு இதமானதுதான். ஆனால் காப்பித் தோட்டங்களுக்குள் காட்டெருமைகள் நடமாடும் இடத்தில் வேலியில்லாத வீட்டு நாயை அவிழ்த்துவிட்டு வளர்க்கும் பழக்கம் நாய்க்கும் ஆபத்து, காட்டு விலங்குக்கும் தொல்லை. இரவு பதினோரு மணிக்கு நாய் வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு இறங்க எந்த வண்டி, யார் ஓட்டுவார் என்பதும் இப்போதே முடிவாகியிருக்க வேண்டும்.

குட்டியா, வளர்ந்த நாயா என்பதில் என் கருத்து உறுதியானது: கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு வளர்ந்த நாயே பொருத்தம். குட்டிக்கு ஒரு நாளில் பலமுறை உணவும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே அழைத்துப்போக ஆளும் வேண்டும். தடுப்பூசிகள் முடியும்வரை, குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் பற்றிய அச்சமும் கூடவே இருக்கும். வளர்ந்த நாயின் குணம் ஏற்கெனவே வெளிப்பட்டிருக்கும். பூனையைத் துரத்துமா, குழந்தைகளிடம் பொறுமை காட்டுமா, தனியாக விட்டால் ஊளையிடுமா என்பதை அதற்கு இதுவரை சோறு வைத்தவரிடமே கேட்டறியலாம். ஒரே சந்திப்பில் முடிவெடுக்காமல் வெவ்வேறு நேரங்களில் மூன்று முறையாவது போய்ப் பாருங்கள். நம் நாட்டு நாய்களின் குட்டை முடி சேலத்து வெயிலுக்கு ஏற்றது. அடர்ந்த முடியுள்ள ஹஸ்கியைக் கைவிட்டார்கள் என்று இரக்கப்பட்டு எடுப்பவர்கள், கோடை முழுவதும் அதற்குக் குளிர்ந்த அறை தர முடியுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, மூன்று மாத வயதில் தொடங்கி ஆண்டுதோறும் போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசி, மற்ற நோய்களுக்கான தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, கருத்தடை அறுவை சிகிச்சை ஆகியவற்றின் கட்டணத்தை அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்தால் ஆகக்கூடிய திடீர்ச் செலவுக்கும் ஒரு தொகையைத் தனியே வையுங்கள். தயிர்ச்சாதம் மட்டும் போதும் என்று கணக்கிடாதீர்கள். முட்டையோ கோழியோ தினமும் வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு என்பதால் நம் குழம்பை ஊற்றிப் பிசைந்து வைக்கக் கூடாது. வேகவைத்த எலும்பு குத்தூசியாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

எங்கள் வீட்டு நாய் செவலை ஒரு விசைத்தறிக் கூடத்தின் பின்புறம் வளர்ந்தது. வந்த முதல் நான்கு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. தெருவில் தறிகள் தடதடக்கும்போது நிம்மதியாகத் தூங்கிய அது, குக்கர் விசில் அடித்தால் நடுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. நான் தரையில் அமர்ந்து, அதைப் பார்க்காமல், அவித்த முட்டையை உள்ளங்கையில் வைத்துக் காத்திருந்தேன். ஐந்தாம் நாள் மூக்கின் ஈரம் விரலில் பட்டது. பல்லே படாமல் முட்டையை எடுத்துக்கொண்டு மீண்டும் உள்ளே போய்விட்டது. பயம் தெளிய மூன்று நாள், வீட்டின் வழக்கம் பழக மூன்று வாரம், இது என் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று நாய் மீட்பவர்கள் சொல்வார்கள். செவலைக்கு ஐந்து மாதமாயிற்று. நாய் அப்படிப் பழகும் மாதங்களில் விருந்தாளிகளை வரவிடாமல் இருக்க உங்களால் முடியுமா? தீபாவளிக்கு ஊருக்குப் போகாமல், வெடிச் சத்தத்தில் ஒடுங்கும் நாயோடு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்களா?

முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. அழைத்து வந்தபின் பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தத்தெடுக்க இயலாதவர்கள், காயம் ஆறும்வரையோ வேறு வீடு கிடைக்கும்வரையோ ஒரு நாய்க்குச் சில வாரம் இடம் தரலாம். தங்கள் தெரு நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் கிடைக்க ஏற்பாடு செய்யலாம். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடைக்குப் பின் நாயைப் பொதுவாக அது பிடிக்கப்பட்ட இடத்திலேயே விட வேண்டும் என்பதால், அந்தத் தெருவில் அதைத் தெரிந்த ஒருவர் இருப்பது மிகவும் தேவை. ஏழு நாளும் தவறாமல் நடந்தவர்கள், எட்டாம் நாள் காலை அதே ஐந்தரை மணிக்கு நாயைப் பார்க்கப் புறப்படலாம்.