முற்றத்து நீரூற்றைக் கெடுப்பது உப்பு

திருகோணமலையில் மோட்டர் திருத்தும் தொழில் செய்கிறேன். கிணற்றுப் பம்புகளோடு, வீட்டு முற்றத்தில் அழகுக்கு வைக்கும் நீரூற்றுகளின் சின்னப் பம்புகளும் என் மேசைக்கு வருகின்றன. கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணன், மோட்டர் இரைகிறது, தண்ணீர்தான் ஏறவில்லை." கம்பிச்சுருள் எரிந்த பம்ப் இரையாது, செத்துக் கிடக்கும். இரைகிற பம்புக்கு உயிர் இருக்கிறது. முன்மூடியைக் கழற்றி இம்பெல்லரை, அதாவது சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தை, வெளியே இழுத்தால், அதன் இதழ்களிலும் காந்தத்தின் மேலும் வெள்ளை ஓடு கட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் அசையாது. ஒரு கிண்ணம் வினாகிரியில் போட்டதும் பொடிக் குமிழிகள் கிளம்பும்; அரை மணி நேரத்தில் ஓடு இளகிவிடும். புதுப் பம்ப் வாங்கக் காசோடு வந்தவர் பழையதையே வீட்டுக்குக் கொண்டுபோகிறார்.

அந்த வெள்ளை ஓடு எப்படி வருகிறது என்று விளங்கிவிட்டால் மற்றதெல்லாம் எளிது. தண்ணீர் ஆவியாகும், அதில் கரைந்திருக்கும் உப்பும் சுண்ணாம்பும் ஆவியாகா. 60 சென்ரிமீற்றர் குறுக்களவும் 20 சென்ரிமீற்றர் ஆழமும் உள்ள வட்டத் தொட்டி ஏறக்குறைய 56 லீற்றர் கொள்ளும். கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் நாளில் அதிலிருந்து 4 லீற்றர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் தினமும் ஒரு வாளி எடுத்துக் குறைந்ததை நிரப்பி வருகிறீர்கள். 14 நாளில் இன்னொரு முழுத் தொட்டித் தண்ணீரின் உப்பு உள்ளே சேர்ந்துவிடும். பார்வைக்குத் தண்ணீர் அதே தண்ணீர்தான். உப்போ இரண்டு மடங்கு. நிரப்புவதைப் பராமரிப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். நிரப்ப நிரப்ப உப்புத்தான் ஏறுகிறது. அதைக் குறைக்க ஒரே வழி, பழைய தண்ணீரை முழுவதும் வெளியேற்றுவது. ஆகவே என்னிடம் வரும் எல்லோரிடமும் முதலில் கேட்பது, "கடைசியாக எப்போது தொட்டியைக் காலியாக்கினீர்கள்?"

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கரையோர மணலில் வெட்டிய கிணறுகளில் பல உவர்ப்பானவை. கோடை முற்ற முற்ற உவர்ப்பும் கூடும். கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரித்து வரும் குழாய்த் தண்ணீர் அதைவிட மேல். எல்லாவற்றிலும் மேலானது மாரியில் கூரையிலிருந்து பிடித்த மழைநீர். உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. கறுப்பான ஒரு தட்டில் கிணற்று நீரில் ஒரு கரண்டி, குழாய் நீரில் ஒரு கரண்டி, தள்ளித் தள்ளி ஊற்றி வெயிலில் காய விடுங்கள். காய்ந்த இடத்தில் எது தடித்த வெள்ளை வளையம் விடுகிறதோ, அதுவே உங்கள் பம்புக்குள்ளும் ஓடு கட்டும். கிணற்று நீர்தான் கிடைக்கும் என்றால் அதையே விடுங்கள். ஆனால் அடிக்கடி மாற்றுங்கள்.

வாரத்துக்கு ஒரு முறை தொட்டியைக் காலியாக்கித் தேய்ப்பது என் கணக்கு. ஒரு வாரம் என்று சொல்வதற்கு உப்பு பாதிக் காரணம். மீதிப் பாதி நுளம்பு. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். அது முட்டையிடுவது தண்ணீருக்குள் அல்ல. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கிறது. அந்த முட்டைகள் காய்ந்தபடியே பல மாதம் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி நிரப்பினால் வேலை முடிந்ததாகாது. நீர்மட்டம் நின்ற இடத்தில் ஒரு கோடு தெரியும், பாதி பாசியும் பாதி உப்புமாக. அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் நான்கு விரல் அகலத்துக்கு அழுத்தித் தேய்க்க வேண்டும். இரும்புக் கம்பி வேண்டாம். அது கீறும், கீறலில் பாசி பிடிக்கும். காய்ந்த தேங்காய்ப் பொச்சு ஒரு துண்டு போதும். சீமெந்துத் தொட்டிக்கும் பைபர் தொட்டிக்கும் அதைப்போலப் பொருத்தமான தேய்ப்பான் கடையில் இல்லை.

ஓடும் தண்ணீரில் அந்த நுளம்பு முட்டையிட விரும்பாது என்பது உண்மைதான். ஆனால் நீரூற்று என்பது ஓடும் தண்ணீர் மட்டுமல்ல. மேல்தட்டின் விளிம்புக் குழி, சிலையின் மடியில் தேங்கும் இரண்டு கரண்டி நீர், பக்கத்தில் வைத்த பூச்சாடியின் அடித்தட்டு, இவையெல்லாம் அசையாத தண்ணீர். மின்சாரம் போனால் தொட்டி முழுவதுமே அப்படித்தான். 2017இல் நாடு முழுவதும் 186,000க்கும் அதிகமானோருக்கு டெங்கு கண்டது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியா ஊர் டெங்கினால் பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. நுளம்பு பெருகும் இடத்தை வளவில் விட்டுவைப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும்கூட. சட்டத்துக்குப் பயந்து அல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக இதைச் செய்யுங்கள். ஒரு கிழமைக்கு மேல் ஊரில் இருக்கமாட்டீர்கள் என்றால் பம்பை வெளியே எடுங்கள், தொட்டியைக் காயவிடுங்கள், கவிழ்க்கக்கூடிய தட்டுகளைக் கவிழ்த்து வையுங்கள்.

கப்பி மீன் விட்டால் போதாதா என்று கேட்பார்கள். குடம்பிகளை அவை தின்னும், உண்மை. பெரிய குளமானால் நானும் விடச் சொல்வேன். 50, 60 லீற்றர் தொட்டியில் மீன் விட்டால் வாரா வாரம் காலியாக்க முடியாது. வெயிலில் தண்ணீர் சூடேறி அவையும் பாடுபடும். சின்ன நீரூற்றுக்கு மீன் வேண்டாம்.

இனிப் பம்ப். மாதத்துக்கு ஒரு முறை, உவர்த் தண்ணீரானால் இரு கிழமைக்கு ஒரு முறை, திறந்து பாருங்கள். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கையை விடாதீர்கள். வயரைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. வயர் நுழையும் இடத்து அடைப்பு அப்படித்தான் இளகித் தண்ணீர் உள்ளே போகிறது. உடலைப் பிடித்துத் தூக்குங்கள். வடிமூடியைக் கழற்றினால் இம்பெல்லர் அறையின் மூடி தெரியும். பெரும்பாலானவற்றில் அது சற்றுத் திருகினால் கழன்றுவிடும். இம்பெல்லரை நேராக இழுங்கள். காந்தம் பிடித்துக்கொண்டிருப்பதால் கொஞ்சம் அடம்பிடிக்கும். பக்கவாட்டில் நெம்பினால் நடுவில் இருக்கும் பீங்கான் தண்டு முறியும். முறிந்துபோனால் அதற்கு வைத்தியம் இல்லை. காந்தத்தைச் சுற்றி இரும்புத் துரு ஒட்டியிருந்தால் துணியால் துடைத்தெடுங்கள். பிறகு இம்பெல்லரையும் தண்டையும் வினாகிரியில் ஊறவையுங்கள். தேசிக்காய்ச் சாறும் இதே வேலையைச் செய்யும். பழைய பற்தூரிகையால் அறையின் உட்புறத்தைத் தேய்த்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். மாட்டும்போது இம்பெல்லரை விரலால் சுற்றிப் பாருங்கள். காந்தம் இழுப்பதால் கொஞ்சம் விட்டு விட்டுத்தான் சுற்றும், அது குறையல்ல. கரகரவென்று உரசினால் உள்ளே மணல் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள்.

வினாகிரி வேலையைத் தொட்டிக்கு வெளியே, தனிக் கிண்ணத்தில் செய்யுங்கள். புளிப்பு சீமெந்தையும் சலவைக்கல்லையும் அரிக்கும். தொட்டிக்கு வெளிற்றும் குளோரின் திரவம் போடுவதாக இருந்தால், காலியான தொட்டிக்கு மட்டும், ஒரு வாளி தண்ணீரில் ஒரு மூடி அளவு கலந்து, தேய்த்து, இரண்டு தரம் நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். குளோரினும் வினாகிரியும் ஒன்றோடொன்று சேரவே கூடாது. சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். குந்தியிருந்து தேய்ப்பவரின் முகம் அதற்கு நேர் மேலே இருக்கும்.

பம்பைத் தொட்டியின் அடியில் நேரே வைக்காதீர்கள். நம் ஊர் மணல் மிக நுண்ணியது. காற்றோடு வந்து அடியில் படியும். தட்டையான ஓட்டுத் துண்டு ஒன்றின் மேல், 2 அல்லது 3 சென்ரிமீற்றர் உயர்த்தி வையுங்கள். பழைய நுளம்பு வலையில் ஒரு துண்டை இரட்டையாக மடித்துச் சுற்றிக் கட்டினால் வேப்பம்பூவும் சருகும் உள்ளே போகாது. அந்த வலையை மட்டும் இரண்டு நாளுக்கு ஒரு தரம் உதறிவிடுங்கள்.

கச்சான் காலத்தில், அதாவது மே தொடக்கம் செப்டெம்பர் வரை, பம்புகள் வேறொரு விதத்திலும் சாகின்றன. வறண்ட காற்று தண்ணீரைத் தூக்கித் தொட்டிக்கு வெளியே எறியும். காலையில் நிரம்பியிருந்த தொட்டியில் பின்னேரம் பம்பின் தலை வெளியே தெரியும். இந்தச் சிறு பம்பைக் குளிரவைப்பது அதைச் சுற்றியுள்ள தண்ணீர்தான். வெறுமனே ஓடினால் சூடேறி, பிளாஸ்டிக் வளைந்து, தண்டு தேயும். காற்று பலமாக இருக்கும் நேரத்தில் ஓட்டத்தைக் குறைக்கும் திருகியைத் திருப்பித் தாரையைத் தாழ்த்துங்கள். மத்தியானம் நிறுத்திவைத்துப் பின்னேரம் போடுவது இன்னும் நல்லது; முற்றத்தில் உட்காருவதும் அப்போதுதானே.

மாரிக்கு வேறு கவனம். ஒக்டோபர், நவம்பரில் இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றி வையுங்கள். வடகீழ்க் காற்று கடலிலிருந்து உப்பைக் கொண்டுவரும். பிளக்கின் பித்தளைக் கால்களில் பச்சை பூத்திருந்தால் துடைத்துச் சுத்தமாக்கிய பிறகே மாட்டுங்கள். பிளக் பொருத்தும் இடம் தாழ்வாரத்துக்கு உள்ளே, தொட்டியை விட உயரத்தில் இருக்க வேண்டும். வயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கினால் அதில் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். நனைந்த கையும் நனைந்த தரையும் சேரும் இடம் இது. மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் நீரூற்று வைக்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை. ட்ரிப் சுவிட்ச் இருந்தால் மாதம் ஒரு தரம் அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். அது விழவில்லை என்றால் மின்பணியாளரைக் கூப்பிடும்வரை நீரூற்றை ஓடவிடாதீர்கள்.

மழைக்குப் பிறகு தண்ணீர் ஒரு பக்கமாக வழிகிறதா என்றும் பாருங்கள். மணல் நிலம் ஈரத்தில் இறங்கும், தொட்டி சாயும். தொட்டி விளிம்பின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கத்துக்கு அடியில் கல் கொடுங்கள். அடிக்கடி சாய்ந்தால் அடியில் கொங்கிறீட் பலகை ஒன்று போடுவதே முடிவு.

பாசிக்கு வெயில் வேண்டும், உணவு வேண்டும். அரை நாள் நிழல் விழும் இடமாகத் தேர்ந்தால் பாதி குறையும். விழுந்த இலையைத் தினமும் எடுத்தால் மீதியும் குறையும். மயில்துத்தம் போட்டால் பாசி போகும் என்பார்கள், போடாதீர்கள்; அது நச்சான செப்பு உப்பு. உங்கள் தொட்டியில் நீங்கள் அறியாமல் எத்தனையோ உயிர்கள் குடிக்கின்றன. காகம் காய்ந்த பாணைக் கொண்டுவந்து நனைத்துத் தின்னும். கோட்டைப் பக்கத்திலிருந்து தெருவில் உலாவும் மான்கள், கேற் திறந்திருந்தால் கோடையில் உள்ளே வந்து வாய் வைக்கும். அவை குடிக்கட்டும். அந்த வெப்பத்தில் அவற்றுக்கு நாம் கொடுக்கக்கூடியது அதுதான். குடித்துவிட்டுப் போன பின் மிதக்கும் பாண் துண்டை எடுத்துவிட்டால் போதும். தவழும் பிள்ளை உள்ள வீடானால் தொட்டியைக் கூழாங்கல்லால் நிரப்பி, கல்லுக்குக் கீழேயே தண்ணீர் நிற்கும்படி செய்யுங்கள்; ஆழமில்லாத தண்ணீரும் குழந்தைக்கு ஆபத்து. அப்போது கற்களையும் வாரா வாரம் வெளியே எடுத்துக் கழுவ வேண்டும்.

அழகுக்கென்று நிலாவெளிக் கரையில் பொறுக்கிய முருகைக்கல்லைத் தொட்டிக்குள் அடுக்குகிறார்கள். அதன் துளைகளில் கடலுப்பு இருக்கிறது, பாசியும் அங்கேதான் முதலில் பிடிக்கும், உதிரும் துகள் நேரே பம்புக்குள் போகும். முருகைக்கல்லைக் கரையிலிருந்து எடுப்பது சட்டப்படியும் தடை. ஆற்றுக் கூழாங்கல் போதும்.

புதுப் பம்ப் வாங்கத்தான் வேண்டும் என்றால் பெட்டியில் எழுதியிருக்கும் உயரத்தை அப்படியே நம்பாதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் நின்றுவிடும் என்பதே அதன் பொருள். உங்கள் நீரூற்று 1 மீற்றர் உயரமானால் 1.5 முதல் 2 மீற்றர் வரை எழுதியிருப்பதை வாங்குங்கள். 15 வோட் பம்ப் தினமும் 8 மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு 3.6 அலகு மின்சாரம்தான். கடைக்காரரிடம் மறக்காமல் கேட்க வேண்டியது, அந்தப் பம்புக்கு இம்பெல்லர் தனியாகக் கிடைக்குமா என்பது. கிடைக்கும் என்றால் அன்றே ஒன்றைச் சேர்த்து வாங்கி, பம்பின் மாதிரி எண்ணை ஒரு துண்டில் எழுதி அதோடு கட்டி வையுங்கள்.