4.35 கிலோ எப்படி 4.34 ஆனது?

பாம்பன், மண்டபம் பக்கம் நண்டும் கணவாயும் எடுக்கும் வியாபாரிகளுக்குப் பில் மென்பொருள் எழுத வரும் புதுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். எடை மெஷின் அனுப்புவது எண் அல்ல, எழுத்துச் சரம் (வரிசையாக வரும் எழுத்துக்குறிகள்). அதை எண்ணாக மாற்றும் வரியில்தான் வினை. விட்டுப்போன அடைப்புக்குறியை எல்லாம் கணினியே காட்டிவிடும். அவை இங்கே வேண்டாம்.

ஃப்ளோட் ஆக்கி, நூறால் பெருக்கி, வெட்டுவது

எடையைப் பத்து கிராம் கணக்கில் முழு எண்ணாக வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் "4.35" என்ற சரத்தை ஃப்ளோட் (கணினி இரும எண்முறையில் வைக்கும் தசம எண்) ஆக்கி நூறால் பெருக்கினால் 434.99999999999994 வரும். முழு எண்ணாக்கும் இன்ட் அதன் வாலை வெட்டி 434 என்று வைத்துக்கொள்ளும். பில்லில் 4.34 கிலோ.

"பத்து கிராம்தானே அண்ணே" என்பார்கள். எனக்கு எரிச்சல் வருவதே இங்கேதான். மெஷினில் ஒன்று, பில்லில் ஒன்று பார்க்கும், நண்டு விற்க வந்த அம்மா ஃப்ளோட்டையா சந்தேகப்படுவார்? தராசில் கை வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். மறுநாள் கூடை அடுத்த வியாபாரியிடம் போகும்.

மூன்றில் ஒரு பங்கு 0.333 என்று முடியாமல் ஓடுகிறதல்லவா? இரும எண்முறையில் 0.35-ம் அப்படித்தான். 53 பிட்டில் (இரும இலக்கத்தில்) நிறுத்தும்போது உள்ளே நிற்பது 4.35-ஐ விடத் துளி குறைந்த எண். இரண்டு தசம இடங்களில் .00, .25, .50, .75 மட்டுமே மிச்சமில்லாமல் அடங்கும். சோதனையில் 2.5, 10.25 என்றே தட்டிப் பார்ப்பதால் பிழை கரைக்குப் போன பிறகுதான் தெரிகிறது.

அப்புறம் எண்ணைப் பத்தடிமானத்திலேயே வைக்கும் டெசிமல் வகைக்கு மாறுவார்கள். சரி, ஆனால் அதற்குள்ளும் ஃப்ளோட்டையே கொடுப்பார்கள். கெட்டுப்போன மீனுக்கு ஐஸ் போட்ட கதை: 4.3499999999999996 என்று நீளும். இடைவெளியையும் கிலோ குறியையும் நீக்கிவிட்டு, சரத்தையே நேராக டெசிமலுக்குக் கொடுங்கள்.

காற்புள்ளி

"1,250.50" வந்தால் பைத்தான் மொழி பிழை சொல்லி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டில் சரத்தை எண்ணாக்கும் பார்ஸ்ஃப்ளோட் சத்தமில்லாமல் 1 என்று தரும்.

ஃப்ளோட்டுகள் சமமா என்று கேட்பது

கேட்காதீர்கள். 0.1-ம் 0.2-ம் கூட்டினால் 0.3-க்குச் சமமில்லை.

டேட்டாபேஸில் ஃப்ளோட்

அங்கே டெசிமலோ முழு எண்ணோ இல்லையென்றால் மேலே செய்ததெல்லாம் வீண்.

ஐம்பது காசு

முழு ரூபாயாக்கும்போது, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பைத்தானின் டெசிமல் பாதியை இரட்டை எண் பக்கம் தள்ளும்: 2650.50 ரூபாய் 2650 ஆகும், 2651.50 ரூபாய் 2652 ஆகும். வியாபாரியின் வழக்கம் எது என்று கேட்டுவிட்டு, ரவுண்டிங் முறையை நீங்களே குறிப்பிட்டு எழுதுங்கள்.