அமெரிக்கச் சுற்றுலா விசா: டிஎஸ்-160 படிவத்தை நீங்களே நிரப்புவது எப்படி?

பேரக்குழந்தையைப் பார்க்க, மகனின் பட்டமளிப்பு விழாவுக்கு, கம்பெனி வேலையாக இரண்டு வாரம், அல்லது வெறுமனே நயாகராவைப் பார்த்துவிட்டு வர என்று எதற்காக அமெரிக்கா போவதாக இருந்தாலும், கொஞ்ச காலம் தங்கித் திரும்பும் இந்தியர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது 'பி1/பி2' விசாதான். இதில் பி1 தொழில் சந்திப்புகளுக்கும், பி2 சுற்றுலா, உறவினர் வீடு, மருத்துவச் சிகிச்சை ஆகியவற்றுக்கும் உரியது. இரண்டையும் சேர்த்து ஒரே விசாவாகவே ஒட்டித் தருகிறார்கள். இந்த விசாவை வைத்துக்கொண்டு அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கவோ பட்டப்படிப்பில் சேரவோ முடியாது.

இந்த விண்ணப்பத்தின் உயிர்நாடி, இணையத்தில் நிரப்பும் டிஎஸ்-160 என்ற படிவம். நேர்காணலில் அதிகாரியின் திரையில் இருப்பது இந்தப் படிவம்தான். அவருடைய கேள்விகளும் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கும். என் பெற்றோருக்கு முதன்முறை விண்ணப்பித்தபோது, நேரமில்லை என்று சொல்லி ஊரிலுள்ள ஒரு கணினி மையத்தில் பொறுப்பை ஒப்படைத்தேன். அங்கே நிரப்பியவர் பாஸ்போர்ட்டைத் திறக்காமல் ஆதார் அட்டையைப் பார்த்து அப்பாவின் பெயரைப் பதிந்திருந்தார். அம்மா சிங்கப்பூர் போய் வந்ததைக் கேட்கவே இல்லை. கைரேகைப் பதிவுக்குச் சில நாட்களே இருந்தபோதுதான் இதைக் கண்டோம். தேதியைத் தள்ளிவைத்து, இரண்டு படிவங்களையும் முதலிலிருந்து நிரப்பினோம். அதனால்தான், விண்ணப்பிப்பவர் தாமே, அல்லது தம் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டு வாசித்து நிரப்ப வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

கணினி முன் உட்காருவதற்கு முன்

கையில் பாஸ்போர்ட் இருக்க வேண்டும். முன்பு அமெரிக்க விசா பெற்றிருந்தால் அந்தப் பழைய பாஸ்போர்ட்டும் வேண்டும். ஒரு தாளில் கடந்த 5 ஆண்டுகளில் போய்வந்த நாடுகள், பயன்படுத்திய தொலைபேசி எண்கள், மின்னஞ்சல் முகவரிகள், சமூக ஊடகக் கணக்குப் பெயர்கள், வேலை பார்த்த இடங்கள், அமெரிக்காவில் தங்கப்போகும் வீட்டின் முழு முகவரி ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சமூக ஊடக விவரங்களை 2019 முதல் கேட்கிறார்கள். அப்பா, அம்மாவின் பிறந்த தேதியும் கேட்கப்படும். நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்குத் தங்கள் பெற்றோரின் பிறந்த தேதி தெரியாது. அதற்காகக் குத்துமதிப்பாக ஒரு தேதியை எழுத வேண்டாம், 'தெரியாது' என்று குறிக்கவே அங்கே ஒரு சிறு கட்டம் இருக்கிறது.

புகைப்படம் கடந்த 6 மாதங்களுக்குள் எடுத்ததாக, வெள்ளைப் பின்னணியில், சதுரமாக இருக்க வேண்டும். அளவு 600க்கு 600 முதல் 1200க்கு 1200 பிக்சல் வரை, கோப்பின் எடை 240 கேபிக்குள், வகை ஜேபெக். 2016 நவம்பர் 1 முதல் கண்ணாடி அணிந்த படங்களை ஏற்பதில்லை. வருடக்கணக்காகக் கண்ணாடி போடும் பெரியவர்கள் இதை மறந்துவிடுவார்கள். ஸ்டுடியோவில் 'அமெரிக்க விசா அளவு' என்று சொன்னாலே 2 அங்குலச் சதுரமாக எடுத்துத் தருவார்கள். அச்சுப் பிரதியோடு மென்பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.

படிவத்தைத் திறப்பது

டிஎஸ்-160 படிவம் அமெரிக்க வெளியுறவுத் துறையின் தளத்தில் இருக்கிறது. முகவரி 'ஸ்டேட் டாட் கவ்' என்று முடியும். படிவத்தை நிரப்பக் கட்டணம் கிடையாது, ஆகவே நிரப்பும்போதே பணம் கேட்கும் எந்தத் தளமும் அரசுத் தளம் அன்று. தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் விளம்பர இணைப்புகளைத் தொடாமல், அமெரிக்கத் தூதரகத்தின் இணையதளத்திலுள்ள இணைப்பு வழியாகவே உள்ளே போங்கள். நேர்காணலுக்கு நாள் குறிக்கும் தளம் மட்டும் வேறு. அதன் முகவரி 'டாட் காம்' என்று முடிவதால், அதையும் தூதரகத் தளத்திலிருந்தே திறப்பது பாதுகாப்பு.

முதல் பக்கத்தில் எந்த ஊரில் விண்ணப்பிக்கிறீர்கள் என்று கேட்கும். பட்டியலில் இறங்கிப் போனால் இந்தியாவின் கீழ் சென்னையைக் காணலாம். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'மெட்ராஸ்' என்றும் போட்டிருப்பார்கள். அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனதும் 'ஏஏ00' என்று தொடங்கும் ஒரு விண்ணப்ப எண் திரையில் தோன்றும். இதை அந்தக் கணமே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் கேள்வி ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதில் கொடுக்கச் சொல்வார்கள். கொடுத்த பதிலை, எழுத்துக் கூட்டல் உட்பட, எண்ணுக்குக் கீழேயே குறித்து வையுங்கள். 20 நிமிடம் எதையும் தொடாமல் விட்டால் தளம் நம்மை வெளியே அனுப்பிவிடும். அதன்பின் உள்ளே வர இந்த எண்ணும், சர்நேமின் முதல் 5 எழுத்துகளும், பிறந்த ஆண்டும், அந்தப் பதிலும் வேண்டும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் சேமித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஆளுக்கு ஒரு படிவம், கைக்குழந்தைக்கும் தனிப் படிவம். முதல் படிவத்தைச் சமர்ப்பித்த பிறகு வரும் நன்றிப் பக்கத்தில் குடும்ப விண்ணப்பம் தொடங்க ஒரு வசதி உண்டு. அதைப் பயன்படுத்தினால் முகவரி, பயண விவரம் போன்ற பொதுவானவை தாமாகவே வந்துவிடும்.

பெயர்: நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம்

தமிழருக்கு வழிவழியாக வரும் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. இருப்பது சொந்தப் பெயரும் அப்பா பெயரின் முதலெழுத்தும்தான். இந்தப் படிவமோ சர்நேம், கிவன் நேம் என்ற இரண்டு கட்டங்களையும் நிரப்பாமல் நகர விடாது. இதற்கு ஒரே விதிதான்: பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடி. ஆதாரில், பான் அட்டையில், பள்ளிச் சான்றிதழில் எப்படி இருந்தாலும் இங்கே அது பொருட்டன்று.

பாஸ்போர்ட்டில் சர்நேம் 'ராமசாமி', கிவன் நேம் 'முருகேசன்' என்று இருந்தால் சிக்கலே இல்லை, அப்படியே எழுதலாம். ஆனால் பலருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் வெறுமையாகவும், கிவன் நேம் கட்டத்தில் 'முருகேசன் ராமசாமி' என்று மொத்தமாகவும் இருக்கும். அப்படியானால் படிவத்தின் சர்நேம் கட்டத்தில் 'முருகேசன் ராமசாமி' என்று முழுவதையும் எழுதி, கிவன் நேம் கட்டத்தில் 'எஃப்என்யூ' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை இட வேண்டும். முதற்பெயர் அறியப்படவில்லை என்பதன் சுருக்கம் அது. விசாவிலும் அப்படித்தான் அச்சாகி வரும். பார்த்துவிட்டுப் பதற வேண்டியதில்லை. இந்த வகைப் பெயர் உள்ளவர்கள் படிவத்தை மீண்டும் திறக்கும்போது கொடுக்க வேண்டிய 5 எழுத்துகள், சர்நேம் கட்டத்தில் எழுதிய பெயரின் முதல் 5 எழுத்துகள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேறு பெயர் எப்போதாவது பயன்படுத்தியதுண்டா என்ற கேள்வி அம்மாக்களுக்கு முக்கியமானது. திருமணத்துக்கு முன் அப்பா பெயரை இனிஷியலாகக் கொண்டிருந்து, பிறகு கணவர் பெயருக்கு மாறியவர்கள் 'ஆம்' என்று சொல்லிப் பழைய பெயரையும் எழுதிவிடுவதே நல்லது. அடுத்து, தாய்மொழி எழுத்தில் முழுப்பெயரைக் கேட்கும் ஒரு கட்டம் வரும். மொத்தப் படிவத்திலும் தமிழ் எழுத்தை ஏற்கும் இடம் அது ஒன்றுதான். அந்த ஒரு கட்டத்தை மட்டும் அப்பா தம் கையாலேயே தட்டினார். ஒற்றை விரலால், புள்ளி வைத்த எழுத்துகளைத் தேடித் தேடி.

மற்ற கேள்விகள்

'பாஸ்போர்ட் புக் நம்பர்' என்று ஒன்று கேட்பார்கள். அது பாஸ்போர்ட் எண் அன்று. இந்தியப் பாஸ்போர்ட்டில் அப்படி ஓர் எண் இல்லாததால் 'பொருந்தாது' என்ற கட்டத்தைத் தொடுங்கள். குலம் அல்லது பழங்குடியைச் சேர்ந்தவரா என்ற கேள்விக்குச் சிலர் சாதிப் பெயரை எழுதுகிறார்கள். அது சாதியைக் கேட்கும் கேள்வி அன்று. நம்மில் பெரும்பாலோர்க்கு 'இல்லை' என்பதே பதில்.

பயண நோக்கத்தில் 'பி' வகையையும் அதற்குள் 'பி1/பி2'வையும் தேர்ந்தெடுங்கள். பயணத் தேதியை உத்தேசமாகச் சொன்னால் போதும்; விசா கைக்கு வரும்முன் விமான டிக்கெட் எடுக்க வேண்டாம். செலவை யார் ஏற்கிறார்கள் என்ற இடத்தில் உண்மையை எழுதுங்கள். மகள் டிக்கெட் போடுகிறாள் என்றால் மகள் என்றே எழுதலாம், அதில் குறைவொன்றும் இல்லை. தொழில் என்ற இடத்தில் ஓய்வுபெற்றவர், இல்லத்தரசி, விவசாயம் ஆகியவற்றுக்கெல்லாம் தனித்தனித் தேர்வுகள் உண்டு.

மூன்று கேள்விகளில் மிகுந்த கவனம் வேண்டும். அமெரிக்காவில் நெருங்கிய உறவினர் இருக்கிறார்களா என்பது ஒன்று. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் எல்லாரும் இதில் அடங்குவர். மகன் அங்கே இருப்பதைச் சொன்னால் விசா கிடைக்காது என்று பயந்து மறைப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே குழி வெட்டிக்கொள்கிறார்கள். முன்பு விசா மறுக்கப்பட்டதுண்டா என்பது இரண்டாவது. மறுப்பு அவர்கள் பதிவில் இருக்கிறது, ஆகவே 'ஆம்' என்று சொல்லிக் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்பது மூன்றாவது. குடியுரிமை பெற்ற அண்ணனோ அக்காவோ என்றைக்கோ போட்ட மனு, பத்து ஆண்டுகளைத் தாண்டியும் வரிசையில் காத்திருக்கும். போட்டதே பலருக்கு மறந்திருக்கும். ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு இதற்குப் பதில் சொல்லுங்கள். தெரிந்தே பொய் சொல்லி அது கண்டுபிடிக்கப்பட்டால், அமெரிக்கக் குடியேற்றச் சட்டப்படி வாழ்நாள் முழுவதுக்குமான தடை வரலாம். உண்மையைச் சொல்லி மறுக்கப்பட்டவரோ மறுபடியும் விண்ணப்பிக்கலாம்.

கடைசியில் வரும் பாதுகாப்புக் கேள்விகளுக்கு வரிசையாக 'இல்லை' என்று தட்டிக்கொண்டே போகாமல், ஒவ்வொன்றையும் படித்துப் பதில் கொடுங்கள். படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா என்றும் கேட்பார்கள். பிள்ளை உதவியிருந்தால் பிள்ளையின் பெயரை எழுதலாம். கையெழுத்துக்கான பொத்தானை மட்டும் விண்ணப்பதாரரே அழுத்த வேண்டும். அங்கே பாஸ்போர்ட் எண்ணை மீண்டும் உள்ளிடச் சொல்வார்கள். சமர்ப்பித்துவிட்டால் திருத்த முடியாது. அதனால் மறுபார்வைப் பக்கங்களைப் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள், முடிந்தால் இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சமர்ப்பித்ததும் பட்டைக்குறியோடு உறுதிப்பக்கம் வரும். அதில் உங்கள் படம் தெரிகிறதா என்று பாருங்கள். படத்தின் இடத்தில் ஒரு பெருக்கல் குறி இருந்தால் படம் ஏறவில்லை என்று பொருள். அப்படியானால் அச்சிட்ட படத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

கட்டணமும் நாள் குறிப்பதும்

அடுத்து, நேர்காணல் தளத்தில் கணக்குத் தொடங்கி, உறுதிப்பக்கத்திலுள்ள எண்ணை அங்கே கொடுக்க வேண்டும். இந்த எண் பிசகினால் வாசலிலேயே திரும்ப நேரும். திருத்தத்துக்காகப் புதுப் படிவம் சமர்ப்பித்தவர்கள், இந்தத் தளத்திலும் பழைய எண்ணை மாற்றிவிட வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டாம் முறை நாங்கள் செய்த முதல் வேலை அதுதான். விண்ணப்பக் கட்டணம் 2023 ஜூன் 17 முதல் 185 டாலர். தூதரகம் அறிவிக்கும் மாற்று விகிதத்தில் ரூபாயாகச் செலுத்தலாம். விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. கட்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் நேர்காணலுக்கு நாள் குறித்துவிட வேண்டும்.

இரண்டு நாட்கள் குறிக்க வேண்டியிருக்கும். ஒன்று, விசா விண்ணப்ப மையத்தில் கைரேகையும் படமும் பதிய. மற்றொன்று, அண்ணா சாலையில் அண்ணா மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு. 79 வயதைக் கடந்தவர்களுக்கு முன்பு இருந்த நேர்காணல் விலக்கு, 2025 செப்டம்பர் 2 முதல் பொதுவாகக் கிடையாது. பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள் இதை மனத்தில் கொண்டு, ஊரிலிருந்து முதல் நாளே சென்னைக்கு வந்து தங்கிவிடுவது நல்லது. தூதரகத்துக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லை, வைத்துவிட்டுப் போகவும் உள்ளே இடமில்லை.

நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தமிழிலேயே பேசலாம், அம்மா தமிழில்தான் பேசினார். எதற்குப் போகிறீர்கள், எவ்வளவு நாள், அங்கே யார் இருக்கிறார்கள், இங்கே என்ன செய்கிறீர்கள் என்ற அளவில்தான் கேள்விகள் இருக்கும். பத்திரம், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கையில் இருக்கட்டும், ஆனால் அவர்கள் கேட்டால் மட்டும் எடுத்துக் காட்டுங்கள். குடியேறும் எண்ணம் இல்லை என்பதை விண்ணப்பதாரரே நிறுவ வேண்டும் என்கிறது சட்டத்தின் 214(பி) பிரிவு. பெரும்பாலான மறுப்புகள் இதன்கீழ்தான் வருகின்றன. அதற்கு மேல்முறையீடு இல்லை, மறுபடி கட்டணம் கட்டி விண்ணப்பிப்பதே வழி.

விசா கிடைத்தால் பாஸ்போர்ட்டை அவர்களே வைத்துக்கொண்டு, விசாவை ஒட்டிப் பிறகு தருவார்கள். இந்தியர்களுக்குப் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு, பலமுறை போய்வரும் விசாவாகக் கிடைக்கிறது. பத்தாண்டு என்பது நுழைவதற்கான காலம் மட்டுமே. எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே விமான நிலையத்தில் உள்ள அதிகாரி ஒவ்வொரு முறையும் முடிவு செய்து, 'ஐ-94' என்ற பதிவில் குறிப்பார். வழக்கமாக அது அதிகபட்சம் 6 மாதம். அமெரிக்கா போய்ச் சேர்ந்த மறுநாளே அந்தப் பதிவை இணையத்தில் திறந்து, திரும்ப வேண்டிய கடைசித் தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.