எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்று: பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சிகிச்சை முறை

மெதிசிலின் என்னும் பென்சிலின் வகை மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியையே மருத்துவர்கள் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று அழைக்கிறார்கள். பென்சிலின் வகை மருந்துகள் முடக்க வேண்டிய புரதத்திற்குப் பதிலாக வேறொரு புரதத்தைக் கொண்டு இது தன் செல்சுவரைக் கட்டிக்கொள்வதால், அமாக்சிசிலினையோ செஃபலெக்சினையோ எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் பயன் இராது.

தோலில் சீழ்க்கட்டி இருந்தால், அதை மருத்துவர் கீறிச் சீழை முழுமையாக வெளியேற்றுவதே முதன்மையான சிகிச்சை. மருந்து சீழுக்குள் சரிவர ஊடுருவாது என்பதால், கட்டியை அப்படியே விட்டு மாத்திரையை மட்டும் நம்புவது வீண். வீட்டில் பிதுக்கினால் தொற்று ஆழமாக இறங்கக்கூடும். வெளிவந்த சீழைக் கல்ச்சர் சோதனைக்கு (கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பது) அனுப்பிவிட வேண்டும்.

மாத்திரை தேவைப்படும்போது கோட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின், கிளிண்டாமைசின் ஆகியவற்றுள் ஒன்று வழக்கமாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. குழந்தைகளுக்கு எடையைக் கொண்டே அளவு கணக்கிடப்படும். 8 வயதுக்குட்பட்டோருக்குப் பற்களில் கறை படியும் அபாயம் கருதி டாக்சிசைக்ளின் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. 2 மாதம் நிரம்பாத சிசுவுக்குக் கோட்ரைமாக்சசோல் கொடுப்பதில்லை. கிளிண்டாமைசினில் ஒரு நுட்பம் உண்டு: கல்ச்சர் சோதனைத் தட்டில் அம்மருந்து தோய்ந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம், எரித்ரோமைசின் வில்லை இருக்கும் பக்கத்தில் மட்டும் தட்டையாகத் தெரிந்தால், சிகிச்சையின் நடுவிலேயே கிருமிக்கு அம்மருந்தை எதிர்க்கும் திறன் தலைதூக்கக்கூடும் என்று பொருள்; அப்போது வேறு மருந்துக்கு மாறுவதே நல்லது.

கடுங்காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, மூச்சுத்திணறல், குழப்பம், குழந்தை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவமனையே இடம். அங்கே சிரை வழியாக வான்கோமைசின் ஏற்றப்படும். அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினினையும் கண்காணிப்பார்கள். சிரை வழியாக ஏற்றப்படும் இன்னொரு மருந்தான டாப்டோமைசினை நுரையீரல் திரவம் செயலிழக்கச் செய்துவிடுவதால் நிமோனியாவுக்கு அது உதவாது. நிமோனியாவில் லினசோலிட் நல்ல மாற்று, ஆனால் 2 வாரத்தைத் தாண்டினால் தட்டணுக்கள் குறையலாம். இரத்தத்தில் கிருமி இருந்தால் பெரியவர்களுக்குக் குறைந்தது 14 நாள் சிகிச்சை வேண்டும். இதய வால்வில் தொற்று இருந்தால் சுமார் 6 வாரம்.

தொற்று திரும்பத் திரும்ப வந்தால், மருத்துவரின் ஆலோசனைப்படி மூக்கினுள் முபிரோசின் களிம்பைத் தினம் இருமுறை 5 முதல் 10 நாள் தடவுவதுடன், துண்டும் சவரக்கத்தியும் ஒருவருக்கொருவர் மாற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.